சுவருக்கு முடி முளைத்த ஊர்

கடலை மண்ணால் தூர்த்து, அந்த மண்ணின்மேல் கண்ணாடியாகவே கட்டிக்கொண்டு போகிற ஒரு வளைகுடா நகரத்தில், சுவர்களுக்கு முடி முளைப்பதற்கு முன்னால் ஒன்றரை வருசம், காத்தமுத்து வெள்ளிக்கிழமைதோறும் நடந்துகொண்டிருந்தான். நகரத்தின் பெயரைச் சொல்லிவிடலாம்தான். சொன்னால் இன்னமும் அங்கே வேலை பார்க்கிறவர்களின் விசாவுக்குக் கேடு வரும், ஆகவே விட்டுவிடுவோம். அவன் டைல்ஸ் பதிக்கிறவன். ஆறு நாள் முட்டி போட்டு அடுத்தவன் வீட்டுத் தரையையே பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்கு ஏழாம் நாள் நிமிர்ந்து நடக்கத் தோன்றுவதில் ஆச்சரியமில்லை. தொழிலாளர் கேம்ப்பின் வாசலில் முதலில் வருகிற பஸ் எந்த நம்பராக இருந்தாலும் ஏறிக்கொள்வான், கடைசி நிறுத்தத்தில் இறங்குவான், அங்கிருந்து யாரிடமும் வழி கேட்காமல், வெயிலையும் கடல் காற்றையும் வைத்துத் திசை பிடித்துக் கேம்ப் வரைக்கும் நடந்தே திரும்புவான்.

அறையில் இருந்தவர்கள் அவனைப் பைத்தியம் என்றார்கள். வெள்ளிக்கிழமை என்றால் துணி துவைக்கணும், வீட்டுக்குப் போன் போடணும், தூங்கணும். அதை விட்டுவிட்டுக் கால் தேய அலைகிறவனை வேறென்ன சொல்வது? ஆனால் அவன் நடந்ததற்குக் காரணம் இருந்தது. மானாமதுரைப் பக்கத்தில் அவன் பிறந்த ஊரில் மூன்று தெரு தள்ளிப் போனாலே எவனாவது ஒருவன் சைக்கிளை நிறுத்தி, "தம்பி யாரு வீட்டுப் பிள்ள?" என்று கேட்பான், பதில் வந்ததும் அந்த ஆளின் கண் காத்தமுத்துவின் முகத்திலிருந்து இறங்கிக் கைக்கு வரும், கையில் கத்தி இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. அப்பா அந்த ஊருக்கு முடிவெட்டுகிறவர்; கல்யாணத்துக்கு மழித்தவர், கருமாதிக்கு மழித்தவர், தன்னைவிட முப்பது வயது சின்னப் பயல்கள் "டேய், வாடா" என்று கூப்பிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியவர். அவர் தன் மகனுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம், "கத்தியத் தொட்டயின்னா கைய ஒடிச்சுப்புடுவேன்" என்பதுதான். காத்தமுத்து தொடவில்லை. ஐ.டி.ஐ. படித்தான், டைல்ஸ் பழகினான், விமானம் ஏறினான்.

அந்த நகரத்தில் எவனும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மீன் மார்க்கெட்டில் ஓமான்காரன் சுறாவை அறுத்துக்கொண்டே அவனைப் பார்த்துச் சிரித்தான். பட்டாணியர்கள் ரொட்டி சுடுகிற சந்தில் சூடான ரொட்டியை அவன் வெறுங்கையில் போட்டார்கள். ஏமன்காரன் தேன் கடையில் தன் விரலால் தொட்டு அவன் நாக்கில் வைத்தான். அழுக்கான ஊர்தான். கண்ணாடிக் கோபுரங்களுக்குப் பின்பக்கம் ஏசி தண்ணீர் சொட்டிப் பாசி பிடித்து, பூனைச் சாவும் மீன் குடலுமாக வயிற்றைப் புரட்டும். அதெல்லாம் அவனுக்குப் பொருட்டாகவே இல்லை. நாறட்டும், எந்த நாற்றத்திலும் ஒருத்தனும் அவனை மோந்து பார்க்கவில்லை, அது போதும். மூன்று தெரு என்ன, முந்நூறு தெரு நடந்தான்.

அறையில் அவனுக்குக் கீழ்க் கட்டிலில் உடையப்பன் படுத்திருந்தான். இரும்பு கட்டுகிற வேலை, பக்கத்து ஊர்க்காரன், வந்த முதல் நாளே "வாடா மாப்ள" என்று தோளில் கை போட்டவன். ஊரில் உடையப்பனின் ஆட்கள் காத்தமுத்துவின் ஆட்களை மாப்ள என்று கூப்பிட்ட சரித்திரம் கிடையாது, ஆனால் உடையப்பனுக்கு விசயம் தெரியாது, காத்தமுத்துவும் சொல்லவில்லை. ஒரே தட்டில் இருவரும் பிரியாணி தின்றார்கள். அந்த ஒரு வார்த்தையில் மயங்கித்தான் காத்தமுத்து ஏமாந்தான்.

கேம்ப்பில் ஒரு வழக்கம் உண்டு. லீவில் போகிறவன் மற்றவர்களின் பார்சலைச் சுமந்துபோய் அந்தந்த வீட்டில் கொடுக்கணும், திரும்பும்போது அந்த வீட்டார் தருகிற ஊறுகாயையும் கருவாட்டையும் சுமந்து வரணும். காத்தமுத்து ஒன்றரை வருசமாக யாரிடமும் எதையும் கொடுத்துவிட்டதில்லை. உடையப்பன் கிளம்பியபோது மட்டும், அம்மாவுக்கு மூட்டுவலி, ஒரு கம்பளியும் நாலு தைல டப்பாவும் கொடுத்துவிட்டான். நாற்பது நாள் கழித்துத் திரும்பி வந்த உடையப்பன் பையைக் கட்டிலடியில் தள்ளிக்கொண்டே, "ஊறுகாப் பாட்டில் ஒழுகிருச்சுப்பா, ஏர்போர்ட்லயே தூக்கிப் போட்டுட்டாய்ங்க" என்றான். மாப்ள அந்த வாக்கியத்தில் இல்லை. அம்மா போனில் சொன்னாள்: "அந்தத் தம்பி வாசல்லயே நின்டுட்டுப் போயிருச்சுப்பா. தண்ணி குடிய்யான்னேன், வேணாம்னுருச்சு." திரும்பி வந்ததிலிருந்து உடையப்பன், வயிறு சரியில்லை என்று, தனித்தட்டில்தான் சாப்பிட்டான். வெளியில் எதுவும் சொல்லவில்லை. வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தான்.

முடி முளைத்தது அதற்கப்புறம்தான்.

ஆவணிப் புழுக்கம். மூச்சு விட்டால் மூச்சே திரும்ப முகத்தில் ஒட்டுகிற காலம். அத்தர் கடைத் தெருவுக்குப் பின்னால், ஒரு வங்கியின் பளிங்குச் சுவரில் கையை ஊன்றிச் செருப்பில் ஏறிய கல்லைத் தட்டியபோது காத்தமுத்துவின் உள்ளங்கை குறுகுறுத்தது. பார்த்தான். மூன்று நாள் மழிக்காத தாடை மாதிரி சுவர் முழுக்கக் கருகருவென்று முடி குத்திட்டு நின்றது. தொட்டால் வெதுவெதுப்பாக இருந்தது. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நடந்தான். அடுத்த வெள்ளிக்கிழமை விரல் நீளம் இருந்தது. அதற்கடுத்த வாரம் அந்தத் தெருவில் சுவரே தெரியவில்லை.

அந்த ஊர்க்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறவர்கள் இல்லை. கடல் இருந்த இடத்தில் பனிமலையும் பனிச்சறுக்கும் கட்டினவர்களுக்குச் சுவரில் முடி முளைத்தால் என்ன? பத்திரிகை வெயில் அளவு போடுகிற கட்டத்துக்குக் கீழேயே முடி அளவையும் போட்டது, இன்று துறைமுகப் பகுதியில் நான்கு விரல், விமான நிலையத்தில் இரண்டு விரல் என்று. பலதியா என்று அங்கே சொல்கிற நகராட்சி, வீட்டுக்காரர்கள் தத்தம் சுவரை வாரிவிடவேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. பட்டாணியர்கள் தங்கள் சந்துக்கு மருதாணி போட்டுச் சிவப்பாக்கினார்கள். பிலிப்பைன்ஸ் பெண்கள் தங்கள் கட்டடத்துக்கு வண்ண வண்ணக் கிளிப் மாட்டினார்கள். பெரிய மால் ஒன்று இரவோடிரவாகத் தன் தலைக்குப் பொன்னிறச் சாயம் ஏற்றிக்கொண்டது. மந்திரி அலுவலகங்களில் மட்டும் முளைக்கும்போதே நரையாக முளைத்ததால் மக்கள் அந்தப் பக்கம் மரியாதையாகக் குனிந்து போனார்கள். மலையாளத்து டீக்கடைக்காரர் ஒவ்வொரு கிளாஸுக்கும் கொசுவலைத் துண்டு கட்டி, "முடி இல்லாத சுலைமானி டீ" என்று போர்டு வைத்துக் கூட்டம் சேர்த்தார்.

பார்க்க வேடிக்கை, வாழ்ந்து பார்த்தால்தான் தெரியும் அதன் லட்சணம். சீ! புழுக்கத்தில் அந்த முடி வேர்த்தது. வேர்த்து, பிசுபிசுத்து, மழையில் நனைந்த ஆட்டுக்கிடையின் வாடையைத் தெருத்தெருவாக இறைத்தது. பொடுகு உதிர்ந்து காரின்மேல், குழந்தையின்மேல், தொழுகைக்கு விரித்த பாயின்மேல் செதில் செதிலாகப் படிந்தது. பேன் வந்தது, சுண்டுவிரல் நகம் பெரிசுக்குப் பேன், புறாக்கள் சுவரில் தொங்கிக்கொண்டு அதைக் கொத்தித் தின்று கொழுத்து, பறக்கமாட்டாமல் நடைபாதையில் உருண்டன. ஏசி மெசின்கள் முடியை உள்ளே இழுத்துச் சாணி உருண்டை மாதிரி துப்பின. சாக்கடை அடைத்துக்கொண்டால் உள்ளே கையை விட்டு இழுக்கவேண்டும், இழுத்தால் செத்த ஆடு ஒன்று வாலோடு வருகிற மாதிரி வரும், வந்துகொண்டே இருக்கும். கேம்ப் மெஸ்ஸில் சோற்றைப் பிசைந்தால் ஒன்று, குப்பூஸ் ரொட்டியைப் பிய்த்தால் ஒன்று. முதல் வாரம் எல்லோரும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்கள். மூன்றாம் வாரம் இரண்டு விரலால் உருவி ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிட்டார்கள். மனுசனுக்கு எதுதான் பழகாது!

காத்தமுத்துவுக்குப் பழகவில்லை. அப்பா வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது வேட்டி மடிப்பிலும் நகக்கண்ணிலும் ஊராரின் முடி ஒட்டிக்கொண்டிருக்கும். அம்மா அவரைக் கிணற்றடியிலேயே நிறுத்திக் குளிப்பாட்டி உள்ளே விடுவாள். அந்த வாடையைத் தாண்டிவரத்தான் கடல் தாண்டினான். அதுவோ அவன் நடந்த தெருக்களில் எல்லாம் சுவரேறி நின்று அவனைப் பார்த்தது. இருந்தும் வெள்ளிக்கிழமை நடையை விடவில்லை, மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு நடந்தான். தெருக்கள் நாறினாலும் இன்னும் அவனை யாரென்று கேட்கவில்லையே.

அவர்கள் கம்பெனி கட்டிமுடித்த நாற்பத்திரண்டு மாடிக் கோபுரத்துக்குத் திறப்பு விழா வந்தது. வெளிநாட்டு விருந்தாளிகள் வருகிறார்கள். கோபுரமோ உச்சி முதல் பாதம் வரை சடை விழுந்து, அய்யனார் கோயில் பூசாரி மாதிரி நிற்கிறது. புல்வெட்டும் மெசின் கொண்டுவந்தார்கள், முடி சுற்றிக்கொண்டு மோட்டார் புகைந்தது. பிடுங்கிப் பார்த்தார்கள், பிடுங்கிய இடமெல்லாம் பெயிண்ட் கொப்புளித்து, கொப்புளம் உடைந்து மஞ்சளாகச் சீழ் வடிந்தது. நெருப்பு வைக்கலாமா என்றார் ஒரு இஞ்சினியர். அவரை லீவில் அனுப்பிவிட்டார்கள். கடைசியில் தண்ணீர் தடவி, நுரை போட்டு, கையால் மழிப்பது ஒன்றே வழி என்று ஆயிற்று.

காலையில் பஸ் ஏறும் முன் ஃபோர்மேன் பூமிநாதன் தன் ஆட்களை நிறுத்தினார். மானாமதுரைச் சுற்றுவட்டாரத்து ஆட்கள் நாற்பது பேரை அந்தக் கம்பெனிக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் அவர். இருபது வருசம் அரபி பேசி, மீசைக்கு மை போட்டு, ஊரில் பெரிய வீடு கட்டியவர். பக்கத்தில் ஆபீஸ் கிளார்க் இத்ரீஸ் நோட்டோடு நின்றார். சூடான்காரர், தடித்த கண்ணாடி, ஒருத்தரிடமும் குரல் உயர்த்தாதவர். காதில் விழுவதை எழுதுவார், எழுதியதை நம்புவார்.

"யாருக்காச்சும் சவரக்கத்தி பிடிக்கத் தெரியுமாய்யா?" என்றார் பூமிநாதன்.

கூட்டத்திலிருந்து உடையப்பன் குரல் வந்தது. "ஏண்ணே, நம்ம காத்தமுத்து இருக்கான்ல."

"அவன் டைல்ஸுல்ல?"

"டைல்ஸு இங்கனதாண்ணே. பார்சல் குடுக்கப் போனேன்ல, அவுக அய்யா வேப்பமரத்தடியில ஒருத்தருக்குச் செரைச்சுக்கிட்டுல இருந்தாரு."

நாற்பது தலைகளும் திரும்பின. கண்கள் காத்தமுத்துவின் முகத்திலிருந்து இறங்கிக் கைக்கு வந்தன. ஒன்றரை வருசமாக, முந்நூறு தெருவில், ஒருவர்கூடப் பார்க்காத பார்வை அது. ஐந்து மணி நேர விமானத் தூரத்தைத் தாண்டி, பாஸ்போர்ட்டு கூட இல்லாமல் வந்து சேர்ந்துவிட்டது.

"அண்ணே, எனக்குத் தெரியாதுண்ணே. நான் கத்தியத் தொட்டதே இல்ல. என் தாடிக்கே மிசின்தான் வச்சுருக்கேன்."

பூமிநாதன் சிரித்தார். "அட, மீன் குஞ்சுக்கு யாருப்பா நீச்சப் பழக்குனது?"

எல்லோரும் சிரித்தார்கள். தனக்கு வராமல் இவனுக்குப் போயிற்றே என்ற நிம்மதி அந்தச் சிரிப்பில் இருந்தது. இத்ரீஸ் பேனாவைத் திறந்து, இவன் எங்கே படித்தான் என்று கேட்டார். "படிப்பெல்லாம் வேண்டியதில்லை ஐயா, எங்கள் ஊரில் இந்தத் தொழில் பிறப்பிலேயே வந்துவிடும்" என்று பூமிநாதன் பெருமையாக அரபியில் சொன்னார். இத்ரீஸுக்கு அது அழகான செய்தியாகப் பட்டது. எந்த ஊர் என்று கேட்டு, எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டார்.

கண்ணாடி துடைக்கிறவர்கள் தொங்குகிற தொட்டிலில் காத்தமுத்துவை ஏற்றினார்கள். கையில் முழ நீளத்துக்கு அடித்த கத்தி, காலடியில் வாளி வாளியாகச் சோப்பு நுரை. முதல் நாள் நாற்பத்திரண்டாம் மாடியில் இருந்தே வாந்தி எடுத்தான். ஈரமுடி கொத்துக்கொத்தாகத் தோளில் விழுந்தது, கழுத்து வழியே முதுகுக்குள் இறங்கியது, மூச்சை இழுத்தால் மூக்கில் ஏறியது. கத்தி சறுக்கிய இடங்களில் சுவர் சீழ் கட்டியது. கையிலும் எட்டு வெட்டு. "வேணும்னே பண்றான்" என்றார் பூமிநாதன் கீழே நின்றுகொண்டு. அவனுக்குத் தெரியாது என்பதை ஒருத்தனும், பேச்சுக்குக்கூட ஒருத்தனும், நம்பவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மழித்தான். வலது கைக்கு எந்தச் சாய்வில் பிடிப்பது என்று பத்தாம் நாள் தெரிந்தது. இருபதாம் நாள் கத்தி வழுக்கிக்கொண்டு போனது. யார் கையாக இருந்தாலும் இருபது நாளில் பழகியிருக்கும். ஆனால் கீழே நின்றவர்கள், "பாத்தியா, பாத்தியா, நாஞ் சொன்னேன்ல" என்று ஒருவரை ஒருவர் தட்டிக்கொண்டார்கள். காத்தமுத்து அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தன் கையே தனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது போலிருந்தது.

கேம்ப்பில் அவனை உடையப்பனுக்கு மேல் கட்டிலிலிருந்து இறக்கி, ஜன்னலோரம் தனிக்கட்டில் போட்டார்கள். "முடி உதிருதுல்ல, அதுக்குத்தான்பா" என்றார்கள். மெஸ்ஸில் அவன் தட்டு வேறானது. "நாத்தம் அடிக்குதுய்யா, வேற ஒண்ணுமில்ல." குளியலறைக்கு அவன் கடைசியாகப் போகவேண்டும் என்று ஆனது. அதையும் யாரும் சட்டமாகப் போடவில்லை. நாற்பது பேர் வரிசையில் தானாகவே ஒரு இடம் கடைசியாக உருவாகி அவனுக்காகக் காத்திருந்தது. அந்த நகரத்தில் எல்லோர் சோற்றிலும் முடி கிடந்தது, எல்லோர் உடம்பும் நாறியது. அதையெல்லாம் உருவி ஓரமாக வைக்கத் தெரிந்தவர்கள் அவன் தட்டை மட்டும் தள்ளி வைத்தார்கள். தூ, என்ன மனுசர்கள்!

அதைக்கூடப் பொறுத்திருப்பான். தெருவை எடுத்துக்கொண்டதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மழமழவென்று நின்ற கோபுரத்தின் படத்தைப் பத்திரிகை போட்டது, தொட்டிலில் தொங்கிய அவன் படத்தையும் போட்டது. பூமிநாதன் நிருபரிடம் சொன்ன கதை கீழே வந்தது: இந்தியாவில் பிறக்கும்போதே மழிக்கத் தெரிந்த மக்கள் இருக்கிறார்களாம். அடுத்த வெள்ளிக்கிழமை அவன் கடைசி நிறுத்தத்தில் இறங்கியபோது ஓமான்காரன் சுறாவை விட்டுவிட்டு அவன் கையைப் பார்த்தான். ரொட்டிக் கடையில் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். எத்தியோப்பியப் பெண்கள் குடியிருக்கிற தெருவில் ஏணி போட்டு ஏறிச் சுவரைச் சின்னச் சின்னப் பின்னலாகப் பின்னிக்கொண்டிருந்தார்கள். அந்த ஊரிலேயே நாறாத தெரு அது ஒன்றுதான், எண்ணெயும் ஏதோ பூவும் மணத்தது. அங்கே கொஞ்சம் நின்றான். ஏணியில் இருந்த பெண் ஒருத்தி சிரித்த முகமாக, உடைந்த அரபியில் கேட்டாள்:

"படத்தில் வந்தவன்தானே நீ? உன் அப்பாவுக்கும் இதுதான் வேலையா?"

அவள் நல்லெண்ணத்தில்தான் கேட்டாள். காத்தமுத்து திரும்பி, நடந்து, பிறகு ஓடினான். முந்நூறு தெருவும் மூன்று தெருவாகிவிட்டது. அதற்கப்புறம் வெள்ளிக்கிழமைகளில் அவன் கட்டிலைவிட்டு எழவில்லை.

கார்த்திகை வாக்கில் கடற்கரைச் சாலை முழுவதையும் மழிக்கச் சொல்லிப் பலதியா கம்பெனிக்கு ஓலை அனுப்பியது. ஆறு கிலோமீட்டர்; இரண்டு பக்கமும் கோபுரங்கள்; ஒரு ஆளால் ஆகிற காரியமில்லை. இத்ரீஸ் தன் நோட்டைப் புரட்டினார். மறுநாள் சாயங்காலம் மெஸ்ஸில் சோறு விழுகிற நேரத்துக்கு ஒரு அட்டைப்பெட்டியோடு வந்து, பெயர் பெயராகக் கூப்பிட்டுப் புதிய பத்தாக்காவைக் கொடுக்க ஆரம்பித்தார். பத்தாக்கா என்றால் கழுத்தில் மாட்டுகிற அடையாள அட்டை. அது இல்லாமல் அந்த ஊரில் மூச்சுவிட முடியாது. இரும்பு கட்டுகிறவன், தச்சன், எலக்ட்ரீசியன் எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். முதலில் எழுத்துக்கூட்டிப் படித்தவன் உடையப்பன்.

தொழில்: மழிப்பவர். தகுதி: பிறப்பால்.

பூமிநாதன் தன் அட்டையைப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். அவருக்கும் அதேதான்.

"ஐயா, தப்பு நடந்திருக்கிறது. அவன் ஒருத்தன்தான் இந்த வேலைக்காரன். நாங்கள் வேறே."

"நீங்கள்தானே சொன்னீர்கள், உங்கள் ஊரில் பிறப்பிலேயே வரும் என்று?" இத்ரீஸ் நோட்டைக் காட்டினார். "எல்லோருக்கும் ஒரே ஊர்ப்பக்கம்தானே?"

"ஒரே பக்கம்தான்."

"ஒரே பாஷை?"

"ஆமாம்."

"ஒரே சாமியா?"

"சாமி... ஒன்றுதான். ஆனால் நாங்கள் உள்ளே நின்று கும்பிடுவோம், இவர்கள்..." பூமிநாதன் நிறுத்திக்கொண்டார். அரபியில் சொல்லிப் பார்த்தபோது அது என்னவோ மாதிரி இருந்தது.

"ரத்தம் வேறய்யா, ரத்தம்!" என்று உடையப்பன் கத்தியதைப் பூமிநாதன் அரபியில் சொன்னார். இத்ரீஸ் பொறுமையாகப் பெட்டியிலிருந்து மெடிக்கல் பைலை எடுத்தார். "பூமிநாதன், ஓ பாசிட்டிவ். உடையப்பன், ஓ பாசிட்டிவ். காத்தமுத்து, ஓ பாசிட்டிவ்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு விளங்கவில்லை. எதில் வேறு? கொஞ்சம் சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்."

நாற்பது பேரும் ஆப்பசைத்த குரங்காக முழித்தார்கள். ஊரில் ரெண்டு வயதுக் குழந்தைக்கும் தெரிந்த விசயம். டீக்கடைக் கிளாஸுக்குத் தெரியும், சுடுகாட்டுப் பாதைக்குத் தெரியும். அதை இந்தச் சூடான்காரருக்குப் புரிகிற மாதிரி ஒரு வாக்கியத்தில் சொல்ல நாற்பது பேருக்கும் வாய் வரவில்லை. ஒருத்தர் எழுந்து, பிரம்மாவின் கால் என்று என்னவோ ஆரம்பித்து உட்கார்ந்தார். "கால் ஊனமா?" என்று கேட்டார் இத்ரீஸ்.

கடைசியில் பூமிநாதனே மெஸ்ஸின் மூலைக்கு வந்தார். காத்தமுத்து தனித்தட்டில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"தம்பி, நீயே சொல்லுப்பா. நீ சொன்னாத்தான் அந்தாளு கேப்பான். நாங்க வேற, நீ வேறன்னு ஒரு வார்த்தை சொல்லிருப்பா. உனக்குக் கோடிப் புண்ணியம்."

பிறந்ததிலிருந்து அவனுக்கு மற்றவர்கள் சொன்ன வார்த்தை அது. வாசற்படியிலும் வகுப்பறையிலும் கிணற்றடியிலும், சொல்லாமலே சொன்ன வார்த்தை. இப்போது கைகூப்பிக்கொண்டு, நீ சொல்லேன் என்கிறார்கள். இத்ரீஸும் பின்னாலேயே வந்து, நல்ல மனிதர், குனிந்து கேட்டார்:

"இவர்கள் உன் ஆட்களா இல்லையா? நீ சொல்வதை எழுதிவிடுகிறேன்."

காத்தமுத்து அந்த நாற்பது முகங்களையும் பார்த்தான். இல்லை என்று சொல்லத்தான் மனசு துடித்தது, உண்மையும் அதுதான். இந்தப் பயல்கள் யாரோ, நான் யாரோ, இவர்கள் வாடையே எனக்கு ஆகாது என்று சொல்லிவிட்டால் நெஞ்சு குளிர்ந்துவிடும். ஆனால் அப்படிச் சொன்னால் அவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். இவர்களைச் சொந்தம் என்று சொல்வதை நினைத்தாலே கத்தியைப் பிடித்த முதல் நாளைவிட அதிகமாகக் குமட்டியது. எழுந்து கையைக் கழுவினான். நேராக உடையப்பனிடம் போய்த் தோளில் கையைப் போட்டான்.

"என் ஆட்கள்தான் ஐயா. இது என் மச்சான், கூடப் பிறந்த தங்கச்சியைக் கட்டிக்கொடுத்திருக்கிறோம்." பிறகு பூமிநாதனைக் காட்டினான். "இவர் எனக்குப் பெரியப்பா. அப்பாவைவிடக் கை சுத்தம். அந்த வரிசையில் இருக்கிறவர்கள் பங்காளிகள், இந்த வரிசை மாமன்மார். எல்லோரும் ஒன்றுக்குள் ஒன்று."

இத்ரீஸின் முகம் மலர்ந்தது. குடும்பமாகச் சேர்ந்து வேலை செய்ய எத்தனை பேருக்குக் கொடுத்துவைக்கும் என்று ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் குலுக்கி, அட்டைகளில் முத்திரை குத்திக்கொண்டே போனார். பூமிநாதன் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உடையப்பன் தோளிலிருந்து அந்தக் கையைத் தட்டிவிட்டு வாஷ்பேசினுக்கு ஓடினான்; குடலே வந்துவிடுகிற மாதிரி ஓங்கரித்தான். காத்தமுத்து பின்னாலேயே போய்க் குழாயைத் திறந்துவிட்டான்.

வாயைக் கழுவிவிட்டு நிமிர்ந்த உடையப்பனின் கண்ணெல்லாம் தண்ணீர். அட்டை கழுத்திலிருந்து நனைந்து தொங்கியது.

"பாவி, இப்படிப் பண்ணிட்டியேடா. எத்தன நாளைக்குடா இது?"

"உனக்கா? ரெண்டு வருசம்" என்றான் காத்தமுத்து. "விசா முடிஞ்சா முடிஞ்சுரும்."